கொயினாவும் கோப்பையும்

என் அப்பா தோட்டத்து டிரசர். கேமரன் மலையின் லெம்பா பெர்த்தாமுக்கு நாங்கள் குடிவருவதற்கு முன்னால், போருக்கும் முன்னால், பீடோர் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில் பழைய டிரசருக்கு எடுபிடியாகச் சேர்ந்தவர். விடியுமுன் பெரட்டு. கிராணி பேர் படிக்கப் படிக்க ஆட்கள் ஒவ்வொருவராக முன்னால் வருவார்கள். அப்பா தகரக் குவளையில் மலேரியாவுக்கான கொயினாத் தண்ணியை நீட்டுவார். குடித்தவனை உடனே விடமாட்டார். "பேர் சொல்லு" என்பார். கசப்புத் தாங்காமல் வாயிலேயே அடக்கிக்கொண்டு பத்தடி தள்ளிப் போய்த் துப்புகிறவர்களுக்காக வைத்திருந்த வழி அது. வாயில் கொயினாவை வைத்துக்கொண்டு யாராலும் "முனுசாமி" என்று சொல்லிவிட முடியாது.

எழுபது வருஷம் கழித்து நானும் அதே வேலையைத்தான் செய்தேன். அரசாங்கக் கிளினிக்கின் மருந்தகத்தில், சன்னலுக்கு இந்தப் பக்கம் நான். கோப்பையில் இருந்தது மெத்தடோன். குடித்து முடித்ததும் "பேர் சொல்லுங்க" என்பேன். எந்தக் கிளினிக் என்று எழுதப்போவதில்லை. மலையில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அன்றைக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இப்போது மருமகன்கள் வந்துவிட்டார்கள்.

பணி ஓய்வு பெற்றபின் ரிங்லெட் காப்பிக்கடையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான். "பவுடரை நிறுத்தறதுக்குக் கவர்மெண்டே பவுடர் குடுக்குதாமே, உண்மையா?" கேட்கிறவர்கள் கேலியாகக் கேட்பதில்லை. வீட்டில் ஒரு பிள்ளை இருக்கும். அவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் மூளையில் வலியையும் சுகத்தையும் கவனிக்கும் சில இருக்கைகள் உண்டு. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் பழைய பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பவுடர், அதாவது ஹெராயின் என்கிற பயணி தடதடவென்று ஏறி எல்லா இருக்கையிலும் உட்கார்ந்துவிடுவான். ஆனால் நாலு மணி, ஆறு மணி நேரத்தில் இறங்கிவிடுவான். இருக்கை காலியானதும் உடம்பு கத்தத் தொடங்கும். மூக்கில் தண்ணீர், கொட்டாவி மேல் கொட்டாவி, வயிற்றோட்டம், எலும்புக்குள் குளிர். இதை இங்கே எல்லா இனத்தாரும் மலாயில் 'கியான்' என்றே சொல்கிறோம். பல வருஷம் போட்டவன் சுகத்துக்காகப் போடுவதில்லை. கியான் வராமலிருக்கப் போடுகிறான். ஒரு நாளைக்கு நாலு தடவை அதைத் தேட வேண்டுமென்றால் வேலைக்கு எப்போது போவது? திருட்டும் பொய்யும் அங்கேதான் ஆரம்பம்.

மெத்தடோன் அதே இருக்கையில் உட்காரும் இன்னொரு பயணி. மெதுவாக ஏறும், ஆனால் ஒரு முழு நாள் எழுந்திருக்காது. உட்காரும்போது ஆர்ப்பாட்டம் இல்லாததால் போதை ஏறுவதில்லை. எழுந்திருக்க நேரமாவதால் கியானும் வருவதில்லை. போதிய அளவு உள்ளே இருந்தால் மேலே ஹெராயினைப் போட்டாலும் உட்கார இடமிருக்காது. காசு நட்டம், மூச்சுக்கும் ஆபத்து. ஜெர்மன் வேதியியலாளர்கள் 1930களின் இறுதியில் வலி மருந்தாகச் செய்தது இது. 1964இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரண்டு டாக்டர்கள் இதை ஹெராயின் நோயாளிகளுக்குத் தினசரி மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அன்றைக்குத் தொடங்கிய முறைதான் இன்றைக்கும்.

நான் லோரித்தம்பி என்று அழைக்கும் ஒருவன் இதை என்னைவிட நன்றாகச் சொன்னான். லெம்பா பெர்த்தாமிலிருந்து முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு ராத்திரியில் செலாயாங் மொத்தச் சந்தைக்கு ஓட்டுகிறவன். "பவுடர் தாப்பா ரோடு மாதிரிண்ணே. வளைவு, இறக்கம், வளைவு, வாந்தி. இது ஹைவே. தூக்கம்தான் வரும், வேறொண்ணும் இல்ல."

அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தவர், பிறகு காய்கறித் தோட்டத்துக்கு மாறியவர். தாய்மாமன் தோட்டத்து மண்டோர், குரல் பக்கத்து மலைவரை கேட்கும். பத்தொன்பது வயதில் செலாயாங்கில் லோரிக்குள் தூங்கும்போது முதல் புகை. இரண்டு வருஷத்தில் ஊசி. பிடிபட்டான். அன்றைக்கிருந்த 1983ஆம் வருஷத்துச் சட்டப்படி, சோதனையில் உறுதியானால் மாஜிஸ்ட்ரேட் இரண்டு வருஷம் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பலாம், அதன்பின் இரண்டு வருஷம் கண்காணிப்பு. அவனை அனுப்பினார்கள். அணிவகுப்பு, வெயில், வேலை. உடம்பு தேறி, கன்னம் உப்பி வந்தான். அம்மா காளியம்மனுக்குப் பொங்கல் வைத்தார். மூன்றாவது வாரம் மறுபடியும் ஊசி.

மூன்றாவது வாரம் என்பது அவனுடைய தனிப்பட்ட பலவீனம் என்று நானும் நினைத்திருந்தேன். மலேசியாவில் கட்டாய மையத்திலிருந்து வெளிவந்தவர்களையும், தாங்களாக வந்து மெத்தடோன் எடுத்த மையங்களிலிருந்து வெளிவந்தவர்களையும் பின்தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்தது. முதல் கூட்டத்தில் பாதிப்பேர் மறுபடி போதைக்குத் திரும்ப ஆன காலம் 31 நாள். இரண்டாவது கூட்டத்தில் 352 நாள். படித்துவிட்டு அந்தப் பொங்கலை நினைத்துக்கொண்டேன். இரண்டு வருஷம் பூட்டிவைத்தால் உடம்பு பவுடரை மறந்துவிடும், மூளை மறப்பதில்லை. இன்னும் மோசம், உடம்பு மறந்த பிறகு பழைய அளவைப் போட்டால் மூச்சு நின்றுவிடும். வெளியே வந்த முதல் சில வாரங்களில் சாவு நடப்பது அதனால்தான்.

நம் நாடு இந்த மருந்துகளுக்கு வந்தது பெருந்தன்மையால் என்று சொல்ல முடியாது. பயத்தால். 2002இல் ஒரே வருஷத்தில் 6,978 பேருக்கு எச்.ஐ.வி. புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது, பெரும்பாலோர் ஊசியைப் பகிர்ந்துகொண்டவர்கள். ஊசியை நிறுத்த வைக்க வேண்டும், இல்லையென்றால் சுத்தமான ஊசியாவது கொடுக்க வேண்டும் என்ற நிலை. 2005 அக்டோபரில் மெத்தடோன் சோதனைத் திட்டம் ஏறக்குறைய 1,200 பேரோடு தொடங்கியது. அடுத்த வருஷமே ஊசி மாற்றித் தரும் திட்டமும் வந்தது. பிறகு கிளினிக் கிளினிக்காகப் பரவியது. 2010க்குப் பிறகு நாட்டில் எச்.ஐ.வி. ஊசி வழியாகப் பரவுவது குறைந்து, உடலுறவு வழியாகப் பரவுவதே முதலிடத்துக்கு வந்தது. அதே 2010இல் கோலாலம்பூர் பந்தாய் பாருவில் உள்ள அர்ரஹ்மான் பள்ளிவாசலில், மலாயாப் பல்கலைக்கழகத்து ஆட்களின் துணையோடு மெத்தடோன் கொடுக்கத் தொடங்கினார்கள். தொழுகைக்கு வருகிற இடத்திலேயே மருந்து. நம் மாரியம்மன் கோயில் மண்டபம் ஒன்றில் காலையில் ஒரு மணி நேரம் இப்படி ஒரு மேசை போட்டால் தீட்டா? கேட்டுப் பார்த்தேன். கமிட்டித் தலைவர் பேச்சை மாற்றிவிட்டார்.

எங்கள் கிளினிக்குக்கு முதல் நாள் வந்தபோது லோரித்தம்பிக்கு இருபத்தொன்பது வயது. டாக்டர் 30 மில்லிகிராம் எழுதினார். முதல் நாள் அதற்கு மேல் கொடுப்பதில்லை. எங்கள் சிரப்பில் ஒரு மில்லிக்கு 5 மில்லிகிராம். ஆறு மில்லி அளந்து, தண்ணீர் கலந்து கொடுத்தேன். "இதென்னண்ணே, இருமல் மருந்து மாதிரி இருக்கு, எனக்குப் பத்தாது" என்றான். உண்மைதான், பத்தாது. ஆனால் இன்று குடித்ததில் பாதிக்குப் பக்கம் நாளைக்கும் உடம்பில் நிற்கும். நாளைய கோப்பை அதன்மேல் சேரும். நாலைந்து நாளில் முதல் நாளைப்போல இரண்டு மடங்கு உள்ளே இருக்கும். பொறுமையில்லாமல் முதல் நாளே கூட்டிக் கொடுத்தால், மூன்றாம் நாள் ராத்திரி தூக்கத்தில் மூச்சு அடங்கிப் போகலாம். இந்த மருந்தில் முதல் இரண்டு வாரம்தான் ஆபத்தானது. சாராயமோ தூக்க மாத்திரையோ கூடச் சேர்ந்தால் இன்னும் ஆபத்து. ஒரு தீபாவளி மறுநாள் சம்சு வாடையோடு வந்த நாலு பேரைக் கோப்பை கொடுக்காமல் உட்கார வைத்தேன். அவர்கள் என்னைத் திட்டியதை இங்கே அச்சில் போட முடியாது.

மெதுவாக ஏற்றி 80 மில்லிகிராமில் அவனுக்கு நிலைத்தது. ராத்திரி தூங்கினான். கொட்டாவி நின்றது. மலச்சிக்கல் வந்தது, வேர்வை வந்தது. அதற்குத் தனி மருந்தும் நிறையத் தண்ணியும். பல்லும் கெடும், விளக்கச் சொல்லி நான் நச்சரிக்க வேண்டியிருந்தது. அளவு கூடும்போது நெஞ்சுத்துடிப்பின் தாளம் மாறுகிறதா என்று ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பார்கள். அம்மாவுக்குச் சம்பளக் காசு வரத் தொடங்கியது. மாமா மட்டும் சமாதானமாகவில்லை. "கவர்மெண்டு கஞ்சி குடிக்கப் போறான்" என்று லயத்துக்கே கேட்கும்படி சொல்வார்.

அம்மா ஒருநாள் என்னைச் சந்தையில் பிடித்துக்கொண்டார். கையில் கீரைக்கட்டு. "ஏந்தம்பி, இத இன்னும் எத்தன நாளைக்குக் குடிக்கணும்?"

"நல்லா இருக்கான்லக்கா?"

"நல்லாத்தான் இருக்கான். எப்ப நிறுத்துவான்னுதான் கேக்குறேன்."

அந்தக் கேள்விக்கு என்னிடம் தேதி இல்லை. ஒரு வருஷத்துக்குக் குறைவாக யாரும் யோசிக்கக்கூடாது, பலருக்குப் பல வருஷம், சிலருக்கு ஆயுசுக்கும். அவசரப்பட்டு நிறுத்தினவர்களில் பெரும்பாலோர் மறுபடி ஊசிக்குப் போனதை நான் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். அக்காவுக்கு இதையெல்லாம் சொல்லாமல், "உங்க பிரஷர் மாத்திரைய எப்ப நிறுத்துவீங்க?" என்று கேட்டுவிட்டேன். கெட்டிக்காரத்தனமான பதில் என்று அன்றைக்கு நினைத்தேன். அவர் கீரையைப் பார்த்துக்கொண்டே, "பிரஷர் மாத்திரைக்கு வரிசையில நின்னு பேர் சொல்ல வேண்டியதில்லையே தம்பி" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. தினம் காலையில் அதே சன்னலுக்கு வர வேண்டும். ராத்திரி முழுக்க லோரி ஓட்டி, விடியற்காலை மலை ஏறி, தூங்காத கண்ணோடு நிற்க வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் பழைய அளவை அப்படியே கொடுக்கக்கூடாது. டாக்டர் பார்த்துக் குறைத்துத் தொடங்க வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் ரோடு அடைத்துவிடும். அவன் மட்டுமல்ல, மலையில் இந்த மருந்து எடுக்கும் யாருக்கும் நோயைவிடப் பெரிய பகை தூரம்தான். நம்பிக்கை வந்தபின் வீட்டுக்குப் பாட்டிலில் கொடுத்தனுப்பலாம். ஆனால் அந்தப் பாட்டிலைத் தெருவில் விற்பவர்களும் உண்டு, பிள்ளை எடுத்துக் குடித்துவிட்டால் உயிர் போகும். அதனால் பூட்டுப்போட்ட பெட்டி இருக்கிறதா என்று கேட்டுத்தான் கொடுப்போம். சிறுநீர்ச் சோதனை சுத்தமாக இருக்க வேண்டும்.

அந்தச் சோதனையில்தான் நான் ஒரு தப்புச் செய்தேன். மூன்றாவது வருஷம் என்று நினைக்கிறேன். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்த லோரித்தம்பி ஒரு காலையில் நடுங்கிக்கொண்டு வந்தான். மூக்கில் தண்ணீர், கொட்டாவி. எனக்குத் தெரிந்த அடையாளம். "ராத்திரி என்ன போட்ட?" என்றேன். "ஒண்ணும் இல்லண்ணே." நான் நம்பவில்லை. மறுநாளும் அப்படியே வந்தான். கோப்பையைக் குடித்துவிட்டுப் பாதியில் வாந்தி எடுத்துக் காட்டிக் கூடுதலாகக் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இவனும் அந்த ரகம் என்று மனதுக்குள் எழுதிவிட்டேன். சோதனைக்குப் புட்டியைக் கொடுத்து அனுப்பினேன். திரும்பக் கொண்டுவந்த சிறுநீர் ஆரஞ்சு வர்ணத்தில் இருந்தது. எலுமிச்சை இல்லை, தேத்தண்ணி இல்லை, நம் ஆரஞ்சு பார்லி பானத்தின் அதே வர்ணம்.

அந்த வர்ணத்தை மருந்தகத்தில் வேலை செய்த யாரும் மறக்க மாட்டார்கள். ரிஃபாம்பிசின். காசநோய் மருந்து. "பையில என்ன வெச்சிருக்க?" என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து கசங்கிய மாத்திரை உறை ஒன்றை எடுத்தான். இருமலுக்காக வேறோர் இடத்தில் காட்டியிருக்கிறான். காசநோய் என்று மருந்து தொடங்கியிருக்கிறார்கள். வேறு என்ன மருந்து எடுக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை, மெத்தடோன் என்று சொல்ல இவனுக்கும் வெட்கம். ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தட்டி எழுப்பி மெத்தடோனை வேகவேகமாக உடைத்துத் தள்ளச் செய்யும். 80 குடித்தாலும் உடம்புக்கு அதில் பாதிகூட நிற்காது. அவன் பொய் சொல்லவில்லை. பஸ்ஸிலிருந்து பயணியைக் கழுத்தைப் பிடித்து இறக்கிவிட்டது இன்னொரு மருந்து. டாக்டர் அளவைக் கூட்டினார். ஆறு மாதம் கழித்துக் காசநோய் மருந்து முடிந்ததும், திரும்ப மெதுவாக இறக்கினார். இறக்காவிட்டால் அது ஆபத்தாகிவிடும். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. சன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பழகியவனுக்கு அது சீக்கிரம் வராது. ஆனால் அதற்குப் பிறகு யாரிடமும் முதல் கேள்வியாக "என்ன போட்ட?" என்று கேட்டதில்லை.

மற்ற மருந்துகளையும் சொல்லிவிடுகிறேன். புப்ரநார்ஃபின் நாக்குக்கடியில் கரைய வைக்கிற மாத்திரை. அது பயணியை முட்டித் தள்ளிவிட்டு உட்காரும், ஆனால் அரை இருக்கையில்தான் உட்காரும். எவ்வளவு கூட்டினாலும் ஓர் அளவுக்கு மேல் போதை ஏறாது, மூச்சும் சட்டென்று அடங்காது; அதனால் மெத்தடோனைவிடப் பாதுகாப்பு. ஆனால் உள்ளே ஹெராயின் இன்னும் உட்கார்ந்திருக்கும்போதே போட்டால், அதைத் தள்ளிவிட்டுப் பாதி சுகத்தை மட்டும் கொடுக்கும். கடுமையான கியான் கொஞ்ச நேரத்திலேயே வரும். கியான் தொடங்கும்வரை காத்திருந்துதான் முதல் மாத்திரை. இது 2000களின் தொடக்கத்தில் நம் தனியார் கிளினிக்குகளில் வந்தபோது சிலர் கரைத்து ஊசியில் ஏற்றினார்கள். பிறகு நலாக்சோன் கலந்த மாத்திரை வந்தது: நாக்குக்கடியில் வைத்தால் நலாக்சோன் ஒன்றும் செய்யாது, ஊசியில் ஏற்றினால் கியானைக் கிளப்பிவிடும்.

நால்ட்ரெக்சோன் வேறு வகை. பஸ்ஸில் இடம் பிடிக்கத் துண்டு போடுவோமே, அதுதான். துண்டு கிடக்கிற இருக்கையில் வேறு யாரும் உட்கார முடியாது. துண்டாலும் சுகம் இல்லை. எல்லா ஹெராயினும் உடம்பைவிட்டுப் போய் ஒரு வாரம், பத்து நாள் ஆனபின்தான் தொடங்க முடியும். புப்ரநார்ஃபினையும் இதையும் ஒப்பிட்டுப் பார்த்த உலகப்புகழ் பெற்ற சோதனை ஒன்று நம் ஜொகூர் மாநிலத்து மூவாரில் நடந்தது. டாக்டர் மஹ்முட் மஸ்லானும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தாரும் 126 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குப் புப்ரநார்ஃபின், ஒரு கூட்டத்துக்கு நால்ட்ரெக்சோன், ஒரு கூட்டத்துக்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்று கூட்டத்துக்கும் ஆலோசனையும் உண்டு. புப்ரநார்ஃபின் அவ்வளவு தெளிவாக முன்னே போனதால், புதிதாக ஆள் சேர்ப்பதை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். 2008இல் 'லான்செட்'டில் வெளியானது. மூவார் என்றால் நமக்கு ஒத்தா ஒத்தா மீன் பலகாரம்தான் ஞாபகம் வரும். உலகத்து மருத்துவர்களுக்கு இதுவும் வரும்.

ஒரு விஷயத்தில் என் கோப்பைக்கு வேலை இல்லை. ஐஸ் என்கிற மெத்தாம்ஃபெட்டமின். ராத்திரி லோரி ஓட்டுகிற பையன்கள் தூக்கம் வராமலிருக்க இப்போது அதைத்தான் இழுக்கிறார்கள். நாட்டில் பதிவாகும் போதை நோயாளிகளில் பெரும்பாலோர் இன்று அந்தப் பக்கம்தான். அது உட்காருவது வேறு பஸ்ஸில். மெத்தடோனைப்போல அதற்கு ஈடான மருந்து உலகத்தில் எங்கும் இன்னும் அங்கீகாரம் பெறவில்லை. பேச்சு, ஆலோசனை, சுத்தமான சோதனைக்குச் சின்னப் பரிசு என்று மனதைப் பிடிக்கிற வழிகள்தான் உண்டு. அண்மையில் ஒரு தகப்பன் தன் பையனை அழைத்துவந்து "கிளினிக்குல இருக்கிற அந்த சிரப்பு கொஞ்சம் குடுக்கச் சொல்லுங்க" என்றார். இல்லை என்று சொல்வது கஷ்டமாக இருந்தது.

2013 அக்டோபர் 23 விடியற்காலை மறக்க முடியாதது. ராத்திரி பெய்த மழையில் ரிங்லெட் ஏரி நிரம்பி, சுல்தான் அபு பக்கார் அணையைத் திறந்தார்கள். லெம்பா பெர்த்தாமுக்குள் ஆறு புகுந்தது. வீடுகளும் கார்களும் போயின, உயிர்களும் போயின. அன்றைக்குக் காலை வரிசையில் யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். பத்து மணிக்கு லோரித்தம்பி வந்தான். இடுப்புவரை சேறு, ஒரு காலில் மட்டும் சிலிப்பர். விடியும்வரை ஆட்களை இழுத்துப்போட்டுக் கரை சேர்த்தவர்களில் அவனும் ஒருவன் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவன் அதைச் சொல்லவில்லை. "நேத்துக் குடிச்சது இன்னும் இருக்குண்ணே. நாளைக்கு ரோடு இருக்குமோ இல்லையோ, அதான் வந்துட்டேன்." ஹெராயின் காலத்தில் அவனுக்கு நாளைக்கு என்ற சொல்லே கிடையாது. கோப்பையைக் கொடுத்தேன். குடித்தான். பேர் கேட்க மறந்துவிட்டேன். அவனே சொல்லிவிட்டுப் போனான்.

2018இல் நான் ஓய்வு பெற்றேன். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது வரிசையைக் குறைக்கப் பலருக்குக் கூடுதல் நாளுக்குப் பாட்டில் கொடுத்தனுப்பினார்கள் என்று லோரித்தம்பி போனில் சொன்னான். அவனுக்கு வாரத்துக்கு ஒருமுறை. அளவும் 40க்கு இறங்கியிருந்தது. நிறுத்துகிற பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

போன வருஷம் அவனுடைய அம்மா தவறிவிட்டார். துக்கவீட்டுக்குப் போனபோது ஏழரை மணி. லயத்து வாசலில் கூடாரம், பறை, பிளாஸ்டிக் நாற்காலிகள். உள்ளே லோரித்தம்பியைக் காணோம். அன்றைக்குப் பார்த்து அவன் பாட்டில் வாங்க வேண்டிய நாள். வீட்டிலிருந்த கடைசிப் புட்டி முந்தின நாளோடு முடிந்திருந்தது. எட்டு மணிக்குக் கிளினிக் திறக்கும். காரியத்தை ஒன்பதுக்கு வைத்திருந்ததைப் பதினொன்றுக்குத் தள்ளிவைத்திருந்தார்கள். தள்ளிவைக்கச் சொன்னது மாமாதான். எண்பது வயது, காது மந்தம், குரல் மட்டும் அப்படியே இருந்தது.

பினாங்கிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர், "கொள்ளி போடறவன் எங்கப்பா?" என்று நாலுபேர் கேட்கும்படி கேட்டார்.

"பெரட்டுக்குப் போயிருக்கான்" என்றார் மாமா. "வந்துருவான், உக்காருங்க."